இயங்குநிலைப் பெயர் வீச்சு (விரிதாள்)

இயங்குநிலைப் பெயர் வீச்சு என்பது, விரிதாள் மென்பொருள்களில் தரவு கூடும்போதும் குறையும்போதும் தன் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் வகையில் வரையறுக்கப்படும், பெயரிடப்பட்ட கல வீச்சு ஆகும். சாதாரணப் பெயர் வீச்சு ஒரு நிலையான முகவரியைக் குறிக்கும். இயங்குநிலைப் பெயர் வீச்சோ ஒரு வாய்பாட்டைக் குறிக்கும். அவ்வாய்பாடு ஒவ்வொரு முறை கணிக்கப்படும்போதும், அந்நேரத்தில் தரவு உள்ள கலங்களின் முகவரியை விடையாகத் தரும். இத்தகைய வீச்சுகள் பெரும்பாலும் வரைபடங்களுக்குத் தரவு மூலமாகப் பயன்படுகின்றன. புதிய தரவு சேர்க்கப்படும் ஒவ்வொரு முறையும் வரைபடத்தின் தரவு எல்லையைக் கையால் மாற்றும் தேவை இதனால் நீங்குகிறது.

இந்நுட்பம் மைக்ரோசாப்ட் எக்செல் மென்பொருளில் பரவலாகப் பயன்படுகிறது. இக்கட்டுரையில் கிடைவரிசை நிரை என்றும் நெடுவரிசை நிரல் என்றும் குறிக்கப்படுகின்றன. சார்புகளின் பெயர்களும் நிரல்களின் எழுத்துகளும் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. மென்பொருளில் உள்ளிடும்போது அவற்றுக்கு உரிய ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும்.

பின்னணி

கலங்களுக்குப் பெயரிடும் வசதி தனிக் கணினிகளின் தொடக்க கால விரிதாள்களிலேயே காணப்பட்டது. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் பெயரிடப்பட்ட வீச்சுகளும் வரைபடம் வரையும் வசதியும் இருந்தன. மைக்ரோசாப்ட் எக்செல் 1985இல் மாக்கின்டோஷ் கணினிக்கும், 1987இல் விண்டோஸ் இயங்குதளத்துக்கும் வெளியிடப்பட்டது. எக்செலில் ஒரு பெயர் கல முகவரியை மட்டுமல்லாது, மாறிலி ஒன்றையோ முழு வாய்பாட்டையோ கூடக் குறிக்கலாம். இப்பண்பே இயங்குநிலைப் பெயர் வீச்சுக்கு அடிப்படையாகும்.

எக்செல் வரைபடத்தின் ஒவ்வொரு தரவுத் தொடரும் சீரிஸ் என்னும் சிறப்புச் சார்பால் விவரிக்கப்படுகிறது. இச்சார்பு நான்கு அளபுருக்களைக் கொண்டது: தொடரின் பெயர், கிடை அச்சு மதிப்புகள், நிலை அச்சு மதிப்புகள், தொடரின் வரிசை எண். இவ்விடங்களில் கல முகவரி, பெயர், நேரடி மதிப்புகள் ஆகியவற்றை மட்டுமே இடலாம். வேறொரு சார்பை நேரடியாக எழுத முடியாது. எனவே, மாறும் வீச்சைக் கணிக்கும் வாய்பாட்டை முதலில் ஒரு பெயருக்குள் வைத்து, அப்பெயரை வரைபடத்துக்குத் தர வேண்டியுள்ளது.

தேவை

நிலையான வீச்சைக் கொண்ட வரைபடத்தில், வீச்சின் கடைசி நிரைக்குக் கீழே சேர்க்கப்படும் தரவு இடம்பெறாது. இதற்கு எக்செல் எந்தப் பிழைச் செய்தியும் தராது. வரைபடம் முழுமையானதாகவே தோற்றமளிக்கும். ஆனால் அண்மைய தரவு அதில் இருக்காது. எதிர்காலத் தரவுக்காக வீச்சை முன்கூட்டியே நீட்டி வைத்தால், வெற்றுக் கலங்களுக்கும் அச்சில் இடம் ஒதுக்கப்பட்டு, வரைபடத்தின் வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும்.

வீச்சின் எல்லை தவறாக அமைவதால் ஏற்படும் விளைவுகள் சிறியவையாக இருப்பதில்லை. பொருளியலாளர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி வீதம் -0.1 விழுக்காடு என அக்கட்டுரை கூறியது. மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹெர்ண்டன், மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோர் 2013இல் அதன் விரிதாளை ஆராய்ந்தனர். சராசரி காணும் வாய்பாடு 30ஆம் நிரையிலிருந்து 49ஆம் நிரை வரை செல்வதற்குப் பதிலாக 44ஆம் நிரையிலேயே நின்றுவிட்டதை அவர்கள் கண்டறிந்தனர். இதனால் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கில் விடுபட்டிருந்தன. தரவுத் தெரிவு, நிறையிடும் முறை ஆகியவற்றிலும் அவர்கள் குறை கண்டனர். அனைத்தையும் திருத்தியபின் கிடைத்த சராசரி 2.2 விழுக்காடாகும். விரிதாள் பிழை மட்டும் ஏற்படுத்திய வேறுபாடு இதில் ஒரு சிறு பகுதியே. எனினும், வாய்பாட்டில் பிழை நேர்ந்ததைக் கட்டுரையாசிரியர்கள் ஒப்புக்கொண்டனர்.

இதே போன்று, 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பின் அறிக்கைகளில் 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நாட்களில் இடம்பெறாமல் போயின. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவத்தில் ஒரு பணித்தாளுக்கு 65,536 நிரைகள் மட்டுமே உண்டு என்பதே இதற்குக் காரணமெனச் செய்திகள் தெரிவித்தன. எல்லைக்கு வெளியே விழும் தரவு ஓசையின்றி மறைந்துவிடும் என்பது இவ்விரு நிகழ்வுகளுக்கும் பொதுவானதாகும்.

எடுத்துக்காட்டுத் தரவு

பின்வரும் விளக்கங்களில் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தரவு பயன்படுத்தப்படுகிறது. "தாள்1" என்னும் பணித்தாளில் ஏ1 கலத்தில் "ஆண்டு" என்ற தலைப்பும், பி1 கலத்தில் "மக்கள்தொகை" என்ற தலைப்பும் உள்ளன. 2ஆம் நிரை முதல் 8ஆம் நிரை வரை தரவு பின்வருமாறு அமைந்துள்ளது. மக்கள்தொகை கோடியில் தரப்பட்டுள்ளது.

2ஆம் நிரை: 1951 – 36.11
3ஆம் நிரை: 1961 – 43.92
4ஆம் நிரை: 1971 – 54.82
5ஆம் நிரை: 1981 – 68.33
6ஆம் நிரை: 1991 – 84.64
7ஆம் நிரை: 2001 – 102.87
8ஆம் நிரை: 2011 – 121.09

2021இல் நடைபெறவேண்டிய கணக்கெடுப்பு கொரோனா பெருந்தொற்றால் தள்ளிவைக்கப்பட்டது. 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடத்தப்படும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. பத்தாண்டு ஒழுங்கு இவ்வாறு முறிந்தது, வீச்சைக் கணிக்கும் வாய்பாடுகளின் வலுவைச் சோதிக்கப் பொருத்தமான எடுத்துக்காட்டாக அமைகிறது.

ஆஃப்செட் சார்பைப் பயன்படுத்தும் முறை

ஆஃப்செட் சார்பு ஐந்து அளபுருக்களை ஏற்கும். அவை முறையே: தொடக்கக் கலம், அதிலிருந்து கீழே நகரவேண்டிய நிரைகளின் எண்ணிக்கை, வலப்புறம் நகரவேண்டிய நிரல்களின் எண்ணிக்கை, வீச்சின் உயரம், வீச்சின் அகலம். விடையாக ஒரு கல வீச்சு கிடைக்கும். உயரத்தின் இடத்தில் தரவின் எண்ணிக்கையைக் கணிக்கும் சார்பை இட்டால், வீச்சு தரவுக்கேற்ப நீளும்.

பல பயிற்சி நூல்களில் காணப்படும் எளிய வடிவம் இது:

=ஆஃப்செட்(தாள்1!$ஏ$2,0,0,கவுன்ட்ஏ(தாள்1!$ஏ:$ஏ)-1,1)

கவுன்ட்ஏ சார்பு, ஏ நிரலில் வெறுமையாக இல்லாத கலங்களை எண்ணுகிறது. தலைப்பும் எண்ணப்படுவதால் ஒன்று கழிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டில் 8 கலங்களில் ஒன்று கழிந்து 7 கிடைக்கும். வீச்சு ஏ2 முதல் ஏ8 வரை அமையும்.

இவ்வடிவத்தில் சில குறைகள் உள்ளன:

- ஏ2 கலம் உள்ள நிரை முழுவதுமாக நீக்கப்பட்டால், வாய்பாட்டின் தொடக்கக் கலம் தொலைந்து, முகவரிப் பிழை ஏற்படும்.
- முதல் தரவுக்கு மேலே புதிய நிரை செருகப்பட்டால், $ஏ$2 என்பது $ஏ$3 ஆக மாறிவிடும். புதிய நிரை வீச்சுக்குள் வராது.
- வெற்று உரையை விடையாகத் தரும் வாய்பாடு உள்ள கலங்களையும் கவுன்ட்ஏ எண்ணும். அவை கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றினாலும் வீச்சு அவற்றையும் உள்ளடக்கி நீளும்.
- தரவு எதுவும் இல்லாதபோது உயரம் சுழியமாகும். ஆஃப்செட் சார்பு சுழிய உயரத்தை ஏற்காது, பிழையைத் தரும்.

இக்குறைகளைத் தவிர்க்க, தலைப்புக் கலத்தைத் தொடக்கமாகக் கொண்டு பின்வருமாறு எழுதலாம்:

ஆண்டுகள்: =ஆஃப்செட்(தாள்1!$ஏ$1,1,0,மேக்ஸ்(1,கவுன்ட்(தாள்1!$ஏ:$ஏ)),1)

கவுன்ட் சார்பு எண்களை மட்டுமே எண்ணும். தலைப்பு உரையாக இருப்பதால் ஒன்றைக் கழிக்கத் தேவையில்லை. எக்செலில் நாள்களும் எண்களாகவே சேமிக்கப்படுவதால், நாள்வாரித் தரவுக்கும் இதே வாய்பாடு பொருந்தும். மேக்ஸ் சார்பு, உயரம் ஒன்றுக்குக் குறையாமல் காக்கிறது. ஏ நிரலில் தரவுக்குக் கீழே வேறு எண் எதுவும் எழுதப்படாமல் இருக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனையாகும்.

இரண்டாவது வீச்சை முதல் வீச்சிலிருந்தே பெறுவது சிறந்தது:

தொகைகள்: =ஆஃப்செட்(ஆண்டுகள்,0,1)

உயரமும் அகலமும் தரப்படாதபோது, தொடக்கமாகத் தரப்பட்ட வீச்சின் அளவையே ஆஃப்செட் எடுத்துக்கொள்ளும். ஆகவே இவ்விரு வீச்சுகளும் எப்போதும் ஒரே நீளமுடையனவாக இருக்கும்.

இடைவெளி உள்ள தரவு

இயங்குநிலைப் பெயர் வீச்சுகளில் கவனிக்கப்படாமல் போகும் பிழை, தரவின் நடுவே உள்ள வெற்றுக் கலங்களால் நேர்வதாகும். எண்ணும் சார்புகள் எத்தனை கலங்களில் தரவு உள்ளது என்பதை மட்டுமே கூறும். கடைசித் தரவு எந்த நிரையில் உள்ளது என்பதைக் கூறுவதில்லை. நடுவில் வெற்றுக் கலம் இல்லாதபோதுதான் இவ்விரண்டும் ஒன்றாகும்.

எடுத்துக்காட்டாக, ஏ9 கலத்தில் 2021 என எழுதி, பி9 கலம் வெறுமையாக விடப்பட்டதாகக் கொள்க. பின்னர் ஏ10 கலத்தில் 2027 எனவும் பி10 கலத்தில் அதன் மக்கள்தொகையும் உள்ளிடப்படும். இப்போது ஏ நிரலில் 9 எண்களும் பி நிரலில் 8 எண்களும் இருக்கும். தொகைகளுக்கான வீச்சு பி நிரலைத் தனியே எண்ணி வரையறுக்கப்பட்டிருந்தால், அது பி2 முதல் பி9 வரை மட்டுமே அமையும். பி10 கலத்தில் உள்ள புதிய மதிப்பு வரைபடத்தில் வராது. அதாவது, விடுபட்டது 2021. ஆனால் வரைபடத்திலிருந்து மறைவது 2027. மேலே கூறியபடி ஆண்டுகளிலிருந்து தொகைகளைப் பெற்றால் இப்பிழை நேராது. 2021 இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் இடைவெளி தோன்றும்.

9ஆம் நிரை முற்றிலும் வெறுமையாக விடப்பட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். இரு நிரல்களிலும் எண்ணிக்கை 8 என்றே வருவதால், இரு வீச்சுகளும் ஒரே நீளத்தில் 9ஆம் நிரையோடு நின்றுவிடும். வரைபடத்தில் குறையேதும் புலப்படாது.

இதைத் தவிர்க்க, எண்ணுவதற்குப் பதிலாகக் கடைசி எண் உள்ள இடத்தைத் தேடலாம்:

=மேட்ச்(9.99இ+307,தாள்1!$ஏ$2:$ஏ$1000)

9.99இ+307 என்பது எக்செல் ஏற்கும் மிகப் பெரிய எண்ணுக்கு அண்மையான எண்ணாகும். தோராயப் பொருத்தத்தில் மேட்ச் சார்பு இதைவிடப் பெரிய எண்ணைக் காணாததால், வீச்சின் கடைசி எண் உள்ள இடத்தையே தரும். இடையில் உள்ள வெற்றுக் கலங்கள் இதைப் பாதிப்பதில்லை.

உரைத் தரவுக்கு இவ்வாறே ஆங்கில அகரவரிசையின் இறுதி எழுத்தைப் பலமுறை அடுக்கித் தேடும் வழக்கம் உண்டு. இம்முறை தமிழ் உரைக்குப் பொருந்தாது. வரிசைப்படுத்தலில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்குப் பின் வருவதால், தேடப்படும் சொல் தமிழ்ச் சொற்களைவிடச் சிறியதாகக் கருதப்படும். மாவட்டம், மாதம் போன்ற பெயர்கள் தமிழில் உள்ள நிரல்களுக்குப் பின்வரும் வாய்பாடு ஏற்றது:

=லுக்கப்(2,1/(தாள்1!$ஏ$2:$ஏ$1000<>""),ரோ(தாள்1!$ஏ$2:$ஏ$1000)-1)

இது எம்மொழி உரைக்கும் எண்ணுக்கும் பொதுவானது. வெறுமையாக இல்லாத கலங்களுக்கு 1 என்ற விடையும், வெற்றுக் கலங்களுக்குச் சுழியத்தால் வகுத்த பிழையும் கிடைக்கும். லுக்கப் பிழைகளைப் புறக்கணித்து, கடைசி 1 உள்ள இடத்தைத் தெரிவு செய்யும்.

இன்டெக்ஸ் சார்பைப் பயன்படுத்தும் முறை

ஆஃப்செட் சார்பு, பணிப்புத்தகத்தில் எந்தக் கலம் மாறினாலும் மீண்டும் கணிக்கப்படும் வகையைச் சேர்ந்தது. இத்தகைய சார்புகள் வாலட்டைல் சார்புகள் எனப்படும். சிறிய கோப்புகளில் இது உணரப்படுவதில்லை. பெயர்களும் அவற்றைச் சார்ந்த வாய்பாடுகளும் மிகுந்த பெரிய கோப்புகளில் கணிப்பு மெதுவாகும். இதற்கு மாற்றாக இன்டெக்ஸ் சார்பைப் பயன்படுத்தலாம்:

=தாள்1!$ஏ$2:இன்டெக்ஸ்(தாள்1!$ஏ$2:$ஏ$1000,மேட்ச்(9.99இ+307,தாள்1!$ஏ$2:$ஏ$1000))

இன்டெக்ஸ் சார்பு மதிப்பை மட்டுமல்லாது கல முகவரியையும் தரக்கூடியது. ஆகவே முக்காற்புள்ளியின் வலப்புறத்தில் அதை எழுதலாம். எடுத்துக்காட்டுத் தரவில் மேட்ச் 7 என்ற விடையைத் தரும். இன்டெக்ஸ் ஏ8 கலத்தைச் சுட்டும். முழு வாய்பாடும் ஏ2 முதல் ஏ8 வரையான வீச்சாகும். இவ்வடிவம் கோப்பு திறக்கப்படும்போதும், சார்ந்த கலங்கள் மாறும்போதும் மட்டுமே மீண்டும் கணிக்கப்படுகிறது. முதல் தரவு நிரை நீக்கப்படும் வாய்ப்பு இருந்தால், இங்கும் $ஏ$2 என்பதற்குப் பதிலாக இன்டெக்ஸ்(தாள்1!$ஏ:$ஏ,2) என எழுதுவது பாதுகாப்பானது.

பெயரை வரையறுத்தல்

எக்செல் 2007 முதலான பதிப்புகளில் ஃபார்முலாஸ் தாவலில் உள்ள நேம் மேனேஜர் மூலம் பெயர்கள் வரையறுக்கப்படுகின்றன. கன்ட்ரோல், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தியும் இதைத் திறக்கலாம். எக்செல் 2003இலும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் இன்செர்ட் பட்டியலில் நேம், டிஃபைன் ஆகியவற்றைத் தெரிவு செய்ய வேண்டும். பெயரைக் கொடுத்தபின், ரெஃபர்ஸ் டூ என்ற பெட்டியில் வாய்பாடு உள்ளிடப்படும்.

பெயரிடும்போது கவனிக்கவேண்டியவை:

- முகவரிகளில் டாலர் குறி இன்றியமையாதது. அது இல்லாவிட்டால், பெயர் வரையறுக்கப்பட்டபோது தெரிவில் இருந்த கலத்தைப் பொறுத்து முகவரி இடம்பெயரும்.
- பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது. எண்ணில் தொடங்கக் கூடாது. 255 எழுத்துகளுக்கு மிகக் கூடாது.
- நிரையையும் நிரலையும் குறிக்கும் ஆர், சி ஆகிய தனி எழுத்துகளைப் பெயராக இட முடியாது.
- கல முகவரி போல் தோன்றும் பெயர்கள் ஏற்கப்படா. எக்செல் 2003 வரை 256 நிரல்களே இருந்தன. எக்செல் 2007இல் நிரல்கள் 16,384 ஆகவும் நிரைகள் 10,48,576 ஆகவும் உயர்ந்ததால், முன்பு செல்லுபடியான டேக்ஸ்2007 போன்ற பெயர்கள் கல முகவரிகளாகிவிட்டன. பழைய கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றும்போது எக்செல் இத்தகைய பெயர்களின் முன் அடிக்கோட்டைச் சேர்க்கிறது.
- சில வட்டார அமைப்புகளில் அளபுருக்களைப் பிரிக்கக் காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி பயன்படும்.

வரைபடத்துடன் இணைத்தல்

முதலில் இருக்கும் தரவைக் கொண்டு வழக்கம்போல் வரைபடம் வரையப்படும். பின்னர் வரைபடத்தின் மீது வலச்சொடுக்கி, செலக்ட் டேட்டா என்பதைத் தெரிவு செய்து, உரிய தரவுத் தொடரைத் திருத்த வேண்டும். தொடரின் மதிப்புகளுக்கான பெட்டியில் பின்வருமாறு உள்ளிடப்படும்:

=தாள்1!தொகைகள்

கிடை அச்சு மதிப்புகளுக்கான பெட்டியில் இவ்வாறே =தாள்1!ஆண்டுகள் என உள்ளிடப்படும். பெயருக்கு முன் பணித்தாளின் பெயரோ பணிப்புத்தகத்தின் பெயரோ கட்டாயம் இருக்க வேண்டும். பெயரை மட்டும் எழுதினால் எக்செல் ஏற்காது. பெயர் பணிப்புத்தகம் முழுமைக்கும் உரியதாயின், எக்செல் தாளின் பெயரை நீக்கிப் பணிப்புத்தகத்தின் பெயரை இட்டுக்கொள்ளும். இணைப்பு முடிந்தபின் தொடரைத் தெரிவு செய்தால், வாய்பாட்டுப் பட்டையில் பின்வருமாறு காணலாம்:

=சீரிஸ்(தாள்1!$பி$1,கணக்கெடுப்பு.எக்ஸ்எல்எஸ்!ஆண்டுகள்,கணக்கெடுப்பு.எக்ஸ்எல்எஸ்!தொகைகள்,1)

இங்குப் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. செலக்ட் டேட்டா உரையாடல் பெட்டியின் மேற்பகுதியில், வரைபடம் முழுமைக்குமான தரவு வீச்சைக் குறிக்கும் பெட்டி உள்ளது. அதில் பெயரை இட்டால் எக்செல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உடனடியாக அதை அந்நேரத்து நிலையான முகவரியாக மாற்றிவிடும். வரைபடம் சரியாகத் தோன்றினாலும் அதன் பின் நீளாது. ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனியே பெயரை இடுவதே சரியான முறையாகும். இதனால், புதிய நிரைகள் தானாக வரைபடத்தில் சேர்ந்தாலும், புதிய நிரல் ஒன்று புதிய தரவுத் தொடராகத் தானாகச் சேராது.

வரைபட வகையையும் கருத்திற் கொள்ள வேண்டும். கோட்டு வரைபடம் கிடை அச்சு மதிப்புகளை வெறும் அடையாளங்களாகக் கொண்டு சம இடைவெளியில் வைக்கும். 2011க்கும் 2027க்கும் இடையே உள்ள 16 ஆண்டுகள், 2001க்கும் 2011க்கும் இடையே உள்ள 10 ஆண்டுகளுக்குச் சமமாகத் தோன்றும். வளர்ச்சி உண்மையைவிடச் செங்குத்தாகத் தெரியும். இத்தகைய தரவுக்குச் சிதறல் வரைபடமே பொருத்தமானது.

எக்செல் 2007 வரை ஒரு தரவுத் தொடரில் அதிகபட்சம் 32,000 புள்ளிகளே இருக்க முடிந்தது. எக்செல் 2010 முதல் இவ்வரம்பு நீக்கப்பட்டு, கணினியின் நினைவகமே எல்லையானது.

அண்மைய தரவை மட்டும் காட்டுதல்

நாள்தோறும் பதியப்படும் மழை அளவு, நீர்த்தேக்க மட்டம், மின் நுகர்வு போன்றவற்றில் கடைசி 30 நாட்கள் அல்லது கடைசி 12 மாதங்களை மட்டும் காட்டவேண்டிய தேவை எழும். டி1 கலத்தில் காட்டவேண்டிய எண்ணிக்கையை எழுதி, பின்வரும் பெயரை வரையறுக்கலாம்:

அண்மை: =ஆஃப்செட்(தாள்1!$ஏ$1,கவுன்ட்(தாள்1!$ஏ:$ஏ),0,-மின்(தாள்1!$டி$1,கவுன்ட்(தாள்1!$ஏ:$ஏ)),1)

தலைப்பிலிருந்து தரவின் எண்ணிக்கை அளவுக்குக் கீழே சென்றால் கடைசித் தரவு கிடைக்கும். உயரம் எதிர்ம எண்ணாக இருப்பதால் வீச்சு அங்கிருந்து மேல்நோக்கி நீளும். டி1 கலத்தில் 5 இருந்தால், எடுத்துக்காட்டுத் தரவில் ஏ4 முதல் ஏ8 வரை, அதாவது 1971 முதல் 2011 வரையான ஐந்து கணக்கெடுப்புகள் கிடைக்கும். மின் சார்பு, கேட்கப்படும் எண்ணிக்கை தரவைவிட மிகும்போது வீச்சு தலைப்புக்குள் நுழைவதைத் தடுக்கிறது. இவ்வாய்பாடு எண்ணுதலை அடிப்படையாகக் கொண்டதால், இடைவெளி உள்ள தரவில் கவுன்ட் இருக்கும் இரு இடங்களிலும் முன்னர்க் கூறிய மேட்ச் வடிவத்தை இட வேண்டும்.

சரிபார்த்தல்

இயங்குநிலைப் பெயர்கள் எக்செலின் பெயர்ப் பெட்டியின் பட்டியலில் காணப்படுவதில்லை. இதனால் பெயர் உருவாகவில்லை எனச் சிலர் கருதுவதுண்டு. வீச்சைச் சரிபார்க்கப் பின்வரும் வழிகள் உள்ளன:

- எஃப்5 விசையை அழுத்தி, பெயரைத் தட்டச்சு செய்தால், அந்நேரத்தில் அப்பெயர் குறிக்கும் கலங்கள் தெரிவு செய்யப்படும்.
- நேம் மேனேஜரில் பெயரைத் தெரிவு செய்து ரெஃபர்ஸ் டூ பெட்டியில் சொடுக்கினால், பணித்தாளில் அவ்வீச்சைச் சுற்றி நகரும் கோடுகள் தோன்றும்.
- ஏதேனும் ஒரு கலத்தில் =ரோஸ்(தொகைகள்) என எழுதினால் வீச்சின் உயரம் கிடைக்கும்.

வரைபடத்தின் தலைப்பை ஒரு கலத்துடன் இணைத்து, அக்கலத்தில் =மேக்ஸ்(ஆண்டுகள்) தரும் விடையைச் சேர்த்துக் காட்டுவது பயனுள்ள வழக்கமாகும். தரவு எந்த ஆண்டு வரை உள்ளது என்பதை வரைபடத்தைக் காண்பவரே அறிந்துகொள்ள முடியும். வீச்சு இடையில் நின்றுவிட்டால் தலைப்பே அதைக் காட்டிக்கொடுக்கும்.

மாற்று முறைகள்

எக்செல் 2003இல் லிஸ்ட் என்ற வசதி அறிமுகமானது. இது எக்செல் 2007இல் டேபிள் என்ற பெயரில் விரிவாக்கப்பட்டது. தரவைத் தெரிவு செய்து கன்ட்ரோல், டி விசைகளை அழுத்தினால் அது அட்டவணையாகும். அட்டவணையின் முழு நிரலை மூலமாகக் கொண்ட வரைபடம், புதிய நிரைகள் சேரும்போது தானே நீளும். எல்லாத் தரவையும் காட்டும் எளிய வரைபடங்களுக்கு இதுவே போதுமானது. கடைசிச் சில தரவுகளை மட்டும் காட்டும் வரைபடங்களுக்கும், அட்டவணைகளை ஏற்காத பழைய பகிர்வுப் பணிப்புத்தகங்களுக்கும் பெயர் வீச்சுகளே பொருந்தும். அட்டவணையின் நிரலைக் குறிக்கும் கட்டமைப்பு முகவரியைச் சீரிஸ் சார்பில் நேரடியாக எழுத முடியாது. அதற்கும் ஒரு பெயரை இடையில் வைக்க வேண்டும்.

2018இல் அறிவிக்கப்பட்ட இயங்குநிலை அணிகள் மைக்ரோசாப்ட் 365இலும் எக்செல் 2021இலும் இடம்பெற்றன. ஃபில்டர், சார்ட் போன்ற சார்புகளின் விடை பல கலங்களில் பரவும். பரவிய வீச்சின் முதற்கல முகவரியோடு # குறியைச் சேர்த்து ஒரு பெயரை வரையறுத்து, அதை வரைபடத்துக்குத் தரலாம். 2024இல் அறிமுகப்படுத்தப்பட்ட ட்ரிம்ரேஞ்ச் சார்பு, ஒரு வீச்சின் ஓரங்களில் உள்ள வெற்று நிரைகளையும் நிரல்களையும் நீக்கித் தருகிறது.

பிற விரிதாள்கள்

லிப்ரே ஆபிஸ் கால்க்கில் பெயருக்குள் ஆஃப்செட் வாய்பாட்டை வைத்துப் பிற வாய்பாடுகளில் பயன்படுத்தலாம். ஆனால் அதன் வரைபடங்கள் பெயரைத் தரவு மூலமாக ஏற்பதில்லை. எனவே எக்செலில் இம்முறையில் உருவாக்கிய கோப்பைக் கால்க்கில் திறக்கும்போது வரைபடம் புதிய தரவுக்கேற்ப மாறாது. கூகுள் விரிதாளில் பெயர் வீச்சு நிலையான முகவரியை மட்டுமே ஏற்கும், வாய்பாட்டை ஏற்காது. அங்கு வரைபடத்துக்கு முழு நிரல்களையும் மூலமாகத் தருவது வழக்கம். ஒரே கோப்பைப் பல மென்பொருள்களில் பயன்படுத்துவோர், தேவையான தரவை மட்டும் வாய்பாடுகளால் தனிப் பகுதியில் திரட்டி, அந்நிலையான பகுதியை வரைபடத்துக்குத் தருவது பொருத்தமாக இருக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

- விரிதாள்
- மைக்ரோசாப்ட் எக்செல்
- லிப்ரே ஆபிஸ்
- லோட்டஸ் 1-2-3
- இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு